கார்டை வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

("பழைய கணினி: புதுப்பிப்பதா, தூக்கிப் போடுவதா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் இந்த மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கியோடு நிற்பேன். மற்றவர்களைப் பேச அழைப்பேன். நேரம் முடிந்தால் மணி அடிப்பேன். இன்று என்னையே பேச அழைத்துவிட்டார்கள். மணி வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் என்னைப் பழிவாங்கக் காத்திருப்பது அவர் முகத்திலேயே தெரிகிறது.

எனக்குக் கொடுத்த பகுதி, பழைய மேசைக் கணினிக்குக் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவது. வரைகலை அட்டை என்று நல்ல தமிழில் எழுதுகிறோம். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் வாழ்த்து அட்டையைக் காட்டுவார்கள். அதனால் கிராஃபிக்ஸ் கார்டு என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டதும் நண்பர்கள் சிரித்தார்கள். "நீ படித்தது தொடர்புத் துறைப் பட்டயம். உனக்கும் திருப்புளிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டுகள் எனக்குச் செய்தி எழுதவும், கேமரா முன் தடுமாறாமல் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். கணினியின் மூடியைத் திறக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசும் பழக்கம் என் தொழிலோடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கத்தால் என் அக்கா வீட்டில் ஒரு தீ விபத்தே நடக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

சித்தி சொன்ன யோசனை

2022ஆம் ஆண்டு என் அக்கா மகன் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தான். அக்கா ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம். எங்கள் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். வீட்டில் ஒரு மேசைக் கணினி இருந்தது. ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்டதை மலிவாக வாங்கியது. 2014இல் வெளிவந்த இன்டெல் ஐ5-4590 சில்லு, 8 ஜிபி நினைவகம். கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் அது போதும். ஆனால் பையனுக்குப் பாடத்தில் 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருள் வந்தது. அந்த மென்பொருள் இலவசம்தான். ஆனால் அது கேட்கும் உழைப்பு இலவசம் இல்லை. சில விநாடி ஓடும் ஒரு காட்சியை உருவாக்க அந்தக் கணினி இரவு முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். காலையில் பார்த்தால் ஒரு விளக்கின் நிழல் தப்பாக விழுந்திருக்கும். மறுபடியும் ஓர் இரவு.

ஒருநாள் என்னிடம் வந்தான். "சித்தி, புதுசு வாங்கணும்னா 2,000 வெள்ளி ஆகும் போல இருக்கு. அம்மாகிட்ட கேட்க மனசு வரலை" என்றான்.

அந்த வாரம்தான் நான் ஒரு தொழில்நுட்ப அங்கத்தில் இரண்டு நிமிடம் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசியிருந்தேன். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "புதுக் கணினி எதுக்கு? கார்டை மட்டும் மாத்திடு. கையில இருக்கிற காசுக்குள்ள எது பெருசோ அதை வாங்கு."

டிவியில் வருகிற சித்தி சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று பையன் நம்பிவிட்டான்.

அப்போது சந்தை நிலவரமும் அவனுக்குச் சாதகமாக இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளாகக் கிராஃபிக்ஸ் கார்டுகளின் விலை ஏறிக் கிடந்தது. சில்லுத் தட்டுப்பாடு ஒரு காரணம். மின்னிலக்க நாணயம் 'தோண்டுகிறவர்கள்' கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கியது இன்னொரு காரணம். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி இத்தீரியம் என்ற நாணயத்தின் செயல்முறை மாறியது. அதன்பின் அதைத் தோண்ட கார்டு தேவையில்லை என்றாகிவிட்டது. பயன்படுத்திய கார்டுகள் விற்பனைக்குக் குவிந்தன. விலை இறங்கியது.

பையன் வார இறுதியில் விரைவு உணவுக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த 200 வெள்ளியை எடுத்துக்கொண்டு போனான். எம்ஆர்டி நிலைய வாசலில் ஒருவரைச் சந்தித்து, ஜிடிஎக்ஸ் 1070 என்ற கார்டை வாங்கி வந்தான். நல்ல கார்டுதான். 2016இல் வந்தபோது விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடிய கார்டு. ஆனால் அதற்கு 150 வாட் மின்சாரம் வேண்டும். அதற்கென்று எட்டு ஊசி கொண்ட தனி மின்கம்பி செருக வேண்டும். எங்கள் அலுவலகக் கணினியில் அந்தக் கம்பியே கிடையாது. அதன் பவர் சப்ளையின் மொத்த வலுவே 290 வாட். அந்தக் கார்டுக்கு உற்பத்தியாளர் பரிந்துரைத்தது 500 வாட் பவர் சப்ளை.

பையன் விடவில்லை. ஆறு வெள்ளிக்கு ஓர் இணைப்புக் கம்பி வாங்கினான். வன்தட்டுக்கு மின்சாரம் தரும் சாட்டா செருகியை எட்டு ஊசிச் செருகியாக மாற்றிக்கொடுக்கும் கம்பி அது. இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பினான்: "சித்தி, வேலை செய்யுது!" நானும் கைதட்டும் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு இன்னொரு செய்தி வந்தது: "நல்லா ஓடுது சித்தி. ஆனா ஒரு மாதிரி வாசனை வருது."

எழுந்து போன் செய்தேன். "சுவர்ச் சுவிட்சை அணைடா" என்று கத்தினேன். அவன் அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தபோது, அந்த இணைப்புக் கம்பியின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பு நிறமாகிச் சாய்ந்திருந்தது. மேசைக்குப் பக்கத்திலேயே திரைச்சீலை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். பையன் வழக்கம்போலக் கணினியை ஓடவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கணக்கு மிக எளிது. அன்று எனக்குத் தெரியாது, இன்று தெரியும். கார்டு செருகும் இடத்தின் வழியாகத் தாய்ப்பலகை தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். 150 வாட் கேட்கும் கார்டுக்கு மீதி 75 வாட்டாவது தனிக் கம்பி வழியாக வரவேண்டும். சாட்டா செருகி ஒன்று 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட். ஐம்பத்து நான்கு தாங்கும் தோளில் எழுபத்தைந்தை ஏற்றினால் தோள் என்ன செய்யும்? அதுதான் நடந்தது.

சிம் லிம் ஸ்குவேரில் ஒரு பாடம்

அடுத்த சனிக்கிழமை நானும் அவனும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போனோம். சிராங்கூன் ரோட்டில் காய்கறி வாங்கும் நமக்கு அது நடந்துபோகும் தூரம்தான். ஆனாலும் நான் அதுவரை அங்கே கணினிக் கடைக்கு என்று போனதில்லை. ஒரு சிறிய கடையில் தலைநரைத்த சீன அங்கிள் ஒருவர் இருந்தார். உருகிய கம்பியைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், சிரிக்கவில்லை. கணினியைக் கொண்டுவரச் சொல்லிப் பரிசோதித்தார். நல்லவேளையாக மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சரி, இதற்குப் பொருந்தும் கார்டு ஒன்று கொடுங்கள்" என்றேன். உடனே எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் எடுக்கவில்லை, கேள்வி கேட்டார். மொத்தம் ஐந்து கேள்விகள். இந்த ஐந்தையும் நேயர்கள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கார்டு எந்த வேலைக்கு?

கிராஃபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது? கணினியின் மூளையான சில்லு ஒரு தேர்ந்த தலைமைச் சமையல்காரர் மாதிரி. எந்தச் சமையலும் செய்வார். ஆனால் கோயில் அன்னதானத்துக்கு இரண்டு மூட்டை வெங்காயம் உரிக்க வேண்டும் என்றால் அவர் ஒருவரால் ஆகாது. அங்கே சாதாரண வேலை தெரிந்த நூறு கைகள் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு அந்த நூறு கைகள். எங்கள் கணினியின் சில்லில் இருந்தது நான்கு கருக்கள். பின்னர் நாங்கள் வாங்கிய சின்னக் கார்டிலேயே 896 சிறு கருக்கள் இருந்தன. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், வெளிச்சம், நிழல் கணக்கிடுவது இந்த வெங்காயம் உரிக்கும் வேலைதான்.

அதனால் முப்பரிமாணப் படம், காணொளித் தொகுப்பு, புதிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்குக் கார்டு பெரிய மாற்றத்தைத் தரும். ஆனால் "என் கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது", "இணையப் பக்கம் மெதுவாக வருகிறது" என்பவர்களுக்குக் கார்டு மருந்து அல்ல. அவர்கள் பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் போதும். நினைவகம் குறைவாக இருந்தால் அதையும் கூட்டலாம். தலைவலிக்குக் கால் கட்டுப் போடுவதில் பயனில்லை.

இரண்டாம் கேள்வி: பவர் சப்ளை எத்தனை வாட்?

இதைத்தான் நாங்கள் கோட்டை விட்டோம். பெட்டியின் பக்க மூடியைத் திறந்தால், பவர் சப்ளையின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எத்தனை வாட் என்று அதில் இருக்கும். அதிலிருந்து வரும் கம்பிகளில் ஆறு ஊசி அல்லது எட்டு ஊசிச் செருகி, கார்டுக்கென்றே வந்தது, இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு ஊசி 75 வாட் தரும், எட்டு ஊசி 150 வாட் தரும்.

"பவர் சப்ளையையே பெரிதாக மாற்றிவிட்டால்?" என்று கேட்டேன். கடையில் தனியாகச் சேர்த்துக் கட்டிய கணினி என்றால் பெரும்பாலும் மாற்றலாம் என்றார். ஆனால் பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் செருகிகளும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் விற்கும் பொதுவான பவர் சப்ளை அதில் உட்காராது. அப்படிப்பட்ட பெட்டிக்குத் தனி மின்கம்பி தேவைப்படாத, 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் சரி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

மூன்றாம் கேள்வி: பெட்டிக்குள் எவ்வளவு இடம்?

சில கார்டுகள் ஒரு முழங்கை நீளம் இருக்கின்றன. பல கார்டுகள் இரண்டு செருகிடங்களின் தடிமனை அடைத்துக்கொள்ளும். ஒல்லியான அலுவலகப் பெட்டி என்றால் பாதி உயரமுள்ள குட்டைக் கார்டு மட்டுமே நுழையும். அளவுகோலை எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மோதிரம் வாங்க விரல் அளவு கொண்டுபோகிறோம் அல்லவா, அதுபோல.

நான்காம் கேள்வி: கணினிக்கு வயது என்ன?

கார்டு மட்டும் இளமையாக இருந்தால் போதாது. சில்லு மெதுவாக இருந்தால் கார்டு கைகட்டிக் காத்திருக்கும். ஜொகூருக்குப் போகும்போது விரைவுச்சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லாரும் ஒரே வரிசையில்தானே நிற்கிறோம்? பத்து வயதுக் கணினிக்கு மிக விலையுயர்ந்த கார்டு வாங்குவது அப்படித்தான்.

இன்னும் சில நுணுக்கங்களும் உண்டு. 2012ஆம் ஆண்டு வாக்கில் வந்தவற்றுக்கு முற்பட்ட கணினிகள் பலவற்றில், தொடக்க மென்பொருளான பயாஸ் பழைய முறையில் இருக்கும். புதிய கார்டுகள் சில அதில் படமே காட்டாமல் போகலாம். ஆகவே உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் உங்கள் கணினிக்குப் புதிய பயாஸ் இருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்டு 53 வாட்டில் ஓடக்கூடியது. பழைய பவர் சப்ளைக்கு இனிப்பான செய்தி. ஆனால் அது தாய்ப்பலகையோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசும். புதிய தாய்ப்பலகையில் அது பெரிய குறையில்லை. பழைய தாய்ப்பலகையில் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியோ அதற்கும் குறைவோதான், அதனால் கார்டின் திறன் குறையும். இன்டெல்லின் ஆர்க் வகைக் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதி தாய்ப்பலகையில் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பழைய கணினிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

ஐந்தாம் கேள்வி: உங்கள் திரையின் செருகி எது?

பழைய திரைகளில் நீல நிற விஜிஏ செருகிதான் இருக்கும். இப்போதைய கார்டுகளில் அது கிடையாது. எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும். வெறும் கம்பி போதாது. சமிக்ஞையை மாற்றித் தரும் மாற்றி ஒன்று வேண்டும். சிறு செலவுதான். ஆனால் கார்டை மாட்டிய பிறகு ஞாபகம் வந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றை அவரே பெட்டியைப் பார்த்துச் சொன்னார். இரண்டுக்குப் பையன் பதில் சொன்னான். அவனுக்குத் தெரிந்திருந்தது. சித்தி கேட்காததால் அவன் சொல்லவில்லை.

கருந்திரையும் கைதட்டலும்

கடைசியில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒன்றை வாங்கினோம். 2019இல் வந்தது, 4 ஜிபி சொந்த நினைவகம், 75 வாட். இதிலும் கவனம் வேண்டும். அதே பெயரில் ஆறு ஊசிக் கம்பி கேட்கும் கார்டுகளும் விற்கின்றன. கம்பி கேட்காததைப் பார்த்து எடுத்தோம்.

மாட்டும் வேலையை வீட்டிலேயே செய்யச் சொன்னார் அங்கிள். கடினமே இல்லை. சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றுங்கள். கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியைப் படுக்க வையுங்கள். உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிடுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, நீளமான செருகிடத்தில் கார்டைச் சீராக அழுத்துங்கள். கொக்கி 'கிளிக்' என்று பிடிக்கும். திருகாணியை முடுக்குங்கள், அவ்வளவுதான். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாம் செய்து பொத்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பையன் முகம் வாடியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுபடியும் கழற்றி மாட்டினோம், அப்போதும் கறுப்பு. அந்த நேரத்தில் பாட்டி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "புதுசா மாட்டினது கீழே இருக்கு. கம்பியை மேலே இருக்கிற பழைய ஓட்டையிலேயே சொருகி வச்சிருக்கீங்களே" என்றார். திரையின் கம்பி தாய்ப்பலகையின் பழைய செருகியிலேயே இருந்தது! கார்டுக்கு மாற்றினோம், படம் வந்தது. அன்று வீட்டில் பாட்டிக்குத்தான் கைதட்டல். பிறகு கார்டு நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டோம்.

இரவு முழுவதும் எடுத்த காட்சி ஒரு மணி நேரம் அளவில் முடிந்தது. நிழல் தப்பாக விழுந்தால் அன்றைக்கே திருத்தலாம். பின்னர் எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 8 ஜிபி நினைவகமும் சேர்த்தோம். அந்தப் பெட்டியிலேயே அவன் இறுதியாண்டுப் படைப்பையும் முடித்தான்.

பழைய ஜிடிஎக்ஸ் 1070 கார்டை அவன் திரும்ப விற்றான். என்ன நடந்தது என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி விற்றான். அதனால் 60 வெள்ளி நட்டம். அந்த 60 வெள்ளியை நான் நீட்டினேன். முப்பதை மட்டும் எடுத்துக்கொண்டான். "பாதி உங்க தப்பு, பாதி என் தப்பு சித்தி" என்றான். என் சம்பளத்தில் நான் கொடுத்த பணத்திலேயே கனமானது அந்த முப்பது வெள்ளிதான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நேயர்களே, கார்டு சந்தையில் ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஜிடி 1030 என்ற சிறிய கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. முதலாவதின் நினைவகம் விநாடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டாவது கடத்துவது சுமார் 17 ஜிபி மட்டுமே. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டும் அப்படித்தான். 2022இல் வந்த 8 ஜிபி கார்டுக்கு 130 வாட்டும் தனிக் கம்பியும் வேண்டும். 2024இல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும். பழைய பெட்டிக்காரருக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆகவே பெயரைக் கேட்காதீர்கள், முழு விவரத்தைக் கேளுங்கள்.

எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'லெமன் சட்டம்' நடப்பில் இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது வியாபாரியின் பொறுப்பு. பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும், அதன் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும். தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். ஆனால் எம்ஆர்டி வாசலில் ஒரு தனிமனிதரிடம் வாங்கிய பொருளுக்கு லெமன் சட்டத்தின் துணை கிடையாது. மலிவு விலையில் அந்தப் பாதுகாப்பின் விலையும் கழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எதுவரை புதுப்பிக்கலாம்?

பழைய பெட்டியை எப்போதும் காப்பாற்றலாம் என்று நான் சொல்ல வரவில்லை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை இன்டெல் சில்லாவது வேண்டும். எங்கள் ஐ5-4590 நான்காம் தலைமுறை. எந்தக் கார்டைப் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. கார்டுகளுக்கும் ஆயுள் உண்டு. என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருவதாக அறிவித்தது. நான் "பெருசா வாங்கு" என்று சொல்லி வாங்கவைத்த ஜிடிஎக்ஸ் 1070 அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிறிய ஜிடிஎக்ஸ் 1650 அதில் இல்லை.

என் கணக்கு இது: புதுப்பிக்கும் மொத்தச் செலவு, அதே வேலை செய்யும் புதுக் கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிதானித்து யோசியுங்கள். பாதியைத் தாண்டினால் வேண்டாம். வாங்கும் கார்டை நாளைக்கு வேறு பெட்டிக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்குச் சொன்னது. 2021 ஜூலை முதல் தேதி, அதைத் தனியாகச் சேகரிக்கும் திட்டம் சட்டத்தின் துணையோடு தொடங்கியது. பழைய கார்டையும் கணினியையும் புளோக்கின் குப்பைத் தொட்டியில் போடாமல் அதற்கான சேகரிப்பு இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பெட்டி இன்னும் குப்பைக்குப் போகவில்லை. பையன் 2025இல் படிப்பை முடித்துத் தேசிய சேவைக்குப் போனான். போவதற்குமுன் அதில் லினக்ஸ் போட்டுப் பாட்டியின் அறையில் வைத்தான். பாட்டி அதில் பழைய படப் பாடல்கள் பார்க்கிறார். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லைதான். ஆனால் யாராவது கேட்டால், "கம்பியைச் சரியான ஓட்டையில சொருகினது நான்தான்" என்று சொல்லிக்கொள்கிறார்.

முடிக்கிறேன். மணிக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

நம் வீடுகளில் பிள்ளைகள் யோசனை கேட்டு வரும்போது, சித்தப்பா, மாமா, சித்தி, அத்தை என்று நாம் எல்லாரும் உடனே ஒரு பதில் சொல்லிவிடுகிறோம். பதில் சொல்லாவிட்டால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று பயம். கேமரா முன் நிற்கும் எனக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். அந்தப் பயம்தான் அன்று ஆறு வெள்ளிக் கம்பி வழியாகப் புகையாக வந்தது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "எனக்குத் தெரியாதுடா, வா, பெட்டியைத் திறந்து பார்ப்போம்."

அந்த வாக்கியத்தைச் சொல்லக் காசு வேண்டாம், பட்டயமும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.